திரையில் கண்ட நிறம் தாளில் வருமா?

பெருநாள் வியாபாரம் நெருங்கும்போது நம்மவர்கள் அச்சகங்களுக்குப் படையெடுப்பது வழமை. பைகள், துண்டுப்பிரசுரங்கள், லேபல்கள், கலண்டர்கள் என்று ஓர்டர்கள் குவியும். "கொம்பியூட்டரில் பார்த்த நிறம் இதுவல்லவே" என்ற சண்டையும் அந்த நாட்களில்தான் அதிகம். அந்தச் சண்டையை நானும் பிடித்தவன்தான்.

சில வருடங்களுக்கு முன்னர் எனது கடைக்கு 5,000 கடதாசிப் பைகள் அச்சிடக் கொடுத்தேன். திரையில் கடையின் பெயர் கண்ணைப் பறிக்கும் கிளிப்பச்சையில் மின்னியது. அவசரத்தில் "சரி, அடியுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கைக்குக் கிடைத்ததோ மங்கிய இலைப்பச்சை. அச்சக முதலாளியுடன் வாக்குவாதப்பட்டேன். அவர் பொறுமையாக விளக்கிய பின்னர்தான், மாதிரி கேட்காமல் சம்மதித்தது எனது பிழை என்று புரிந்தது. முழுப் பணத்தையும் கொடுத்துத்தான் பைகளை எடுத்தேன்.

அவர் சொன்ன விடயம் இதுதான். திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளையும் கூட்டினால் வெள்ளை வரும். மூன்றையும் அணைத்தால் கறுப்பு. இதுவே ஆர்.ஜி.பி. முறை. ஒவ்வொரு ஒளிக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள் இருப்பதால், ஒரு கோடி 67 இலட்சத்துக்கும் மேற்பட்ட நிறக் கலவைகள் அமைகின்றன.

தாளில் வெளிச்சம் இல்லை, மை மட்டுமே உண்டு. வெள்ளைத் தாளில் படும் ஒளியில் ஒரு பகுதியை மை விழுங்கிவிடும். மிஞ்சுவதே நாம் காணும் நிறம். சியான், மெஜென்டா, மஞ்சள் ஆகிய மூன்று மைகளையும் கலந்தால் சுத்தக் கறுப்பு வராது, சேற்று நிறமே வரும். ஆகவே கறுப்பு மை நான்காவதாகச் சேர்கிறது. இதுவே சி.எம்.வை.கே. முறை. பளிச்சிடும் பச்சை, மின்னும் நீலம் போன்ற பல நிறங்களை இந்த நான்கு மைகளால் கொண்டுவர முடியாது. நீலம் ஊதாவாகச் சாய்ந்துவிடுவதும் இதனால்தான்.

இனி நாம் செய்ய வேண்டியவை:

அச்சுக்குப் போகும் டிசைனை சி.எம்.வை.கே.யில் பார்த்து முடிவு செய்யுங்கள். போட்டோஷொப்பில் 'கேமட் வார்னிங்' என்ற வசதி, அச்சில் வராத நிறங்களை முன்கூட்டியே காட்டிவிடும்.

ஆர்.ஜி.பி. மூலப் பிரதியை அழிக்க விடாதீர்கள். மாற்றும்போது இழந்த நிறம், திரும்ப மாற்றினாலும் வராது. வட்ஸ்அப், பேஸ்புக் விளம்பரங்களுக்கு அந்த மூலப் பிரதியே பொருத்தம்.

விலை, முகவரி போன்ற சிறிய எழுத்துக்களைக் கறுப்பு மையால் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். நான்கு மைகளில் அடித்தால், அச்சு இம்மி விலகினாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும்.

கடைக்கென்று ஒரே நிறம் உள்ளவர்கள் அதன் பேன்டோன் இலக்கத்தைக் குறித்து வையுங்கள். 1963இல் அறிமுகமான இம்முறையில் மை தனியாகக் கலக்கப்படுகிறது. நான்கு நிற வேலையுடன் இதைச் சேர்த்தால் செலவு கூடும். ஆனால் பையில் ஒரே நிறம்தான் என்றால் ஒரு பிளேட்டும் ஒரு மையும் போதும். செலவு குறையவும் கூடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அச்சிடப்போகும் அதே தாளில் மாதிரி கேளுங்கள். பளபளப்பான ஆர்ட் தாளில் துலங்கும் நிறம், மையை உறிஞ்சும் சாதாரணக் கடதாசியில் மங்கும். திரையைப் பார்த்து விலை பேசலாம். தாளைப் பார்த்த பின்னரே கையொப்பமிட வேண்டும்.