படிப்புக்குப் பணம், பணத்துக்குச் சீருடை



சீருடை என்றதும் எமக்கு முதலில் வருவது பயம்தான். சுற்றிவளைப்பு, சோதனைச் சாவடி, அடையாள அட்டை என்று எமது இளமைக்காலம் சீருடைக்கு முன்னால் வரிசையில் நின்றே கழிந்தது. அப்படி வாழ்ந்த ஒரு தாயிடம், “அம்மா, நான் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே இராணுவ அதிகாரியாகப் பயிற்சி பெறப் போகிறேன்” என்று அவள் பெற்ற பிள்ளையே சொன்னால் அந்த மனம் என்ன பாடுபடும்?

2023ஆம் ஆண்டு அமெரிக்காவில் என் தங்கையின் வீட்டில் ஆறு மாதங்கள் தங்கியிருந்தபோது இந்தக் கேள்வியை நான் நேரில் கண்டேன். தங்கை முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் வேலை செய்பவள். அங்கேயே பிறந்த என் பெறாமகள், அரச பல்கலைக்கழகமொன்றில் தாதியர் கல்வியில் முதலாம் வருட மாணவி. எமது அண்ணா 1990இல் சீருடை அணிந்தவர்களால் அழைத்துச் செல்லப்பட்டவர், திரும்பி வரவில்லை. அவருடைய படம் தொங்கும் வீட்டில்தான் இந்தப் பேச்சு எழுந்தது.

இது என்ன திட்டம்?

அமெரிக்காவில் இதனை ஆர்.ஓ.ரி.சி. என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். சேமப்படை அதிகாரிகள் பயிற்சிப் பிரிவு என்பது இதன் பொருள். மாணவர் வழமையான பட்டப்படிப்பைப் படிப்பார். அதனுடன் இராணுவப் பயிற்சியும் பெறுவார். பட்டம் பெறும்போது இரண்டாம் லெப்டினன்ற் என்ற அதிகாரிப் பதவியும் கிடைக்கும்.

இதன் வேர் பழையது. 1862ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, அரசாங்கம் வழங்கிய காணிகளின் வருமானத்தில் உருவான கல்லூரிகள் இராணுவப் பாடத்தையும் கற்பிக்க வேண்டியிருந்தது. முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916இல் இன்றைய திட்டம் சட்டமாயிற்று. பெண்களுக்கு இந்தக் கதவு நீண்ட காலம் மூடியே இருந்தது. விமானப்படைப் பிரிவு 1969இலும் தரைப்படைப் பிரிவு 1972இலும் மாணவிகளைச் சேர்க்கத் தொடங்கின. போர்முனைப் பணிகள் அனைத்தும் பெண்களுக்குத் திறந்துவிடப்படும் என்ற அறிவிப்பு 2015இல்தான் வந்தது.

யமெய்க்காவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகனான கொலின் பவல், நியூயோர்க் நகரக் கல்லூரியில் இப்பயிற்சி பெற்று 1958இல் அதிகாரியானவர். பின்னாளில் கூட்டுப்படைத் தலைவராகவும் வெளிவிவகாரச் செயலாளராகவும் உயர்ந்தார். குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு இத்தகைய உதாரணங்கள் பெரிய ஈர்ப்பு.

மறுபக்கமும் உண்டு. வியட்நாம் போர்க் காலத்தில் இத்திட்டத்துக்கு எதிராகப் பல கல்லூரிகளில் மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர். 1970 மே மாதம் ஒஹையோ மாநிலத்தின் கென்ற் ஸ்ரேற் பல்கலைக்கழகத்தில் இப்பயிற்சிப் பிரிவின் கட்டடம் எரிக்கப்பட்டது. இரண்டு நாட்களின் பின், போருக்கு எதிராகக் கூடியிருந்த மாணவர்கள் மீது தேசியக் காவற்படையினர் சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தனர். ஒன்பது பேர் காயமடைந்தனர்.

ஏன் சேர்கிறார்கள்?

எமது நாட்டில் 1945 முதல் இலவசக் கல்வி நடைமுறையில் உள்ளது. அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளை கற்பித்தலுக்குக் கட்டணம் கட்டுவதில்லை. அமெரிக்காவிலோ அரச பல்கலைக்கழகத்திலும் கட்டணம் உண்டு. அந்த மாநிலத்துப் பிள்ளைக்கே வருடத்துக்குப் பத்தாயிரம் டொலர் அளவில் வரும். தங்குமிடமும் சாப்பாடும் வேறு. கடன் வாங்கிப் படித்து, நடுத்தர வயதுவரை அதைக் கட்டுபவர்கள் ஏராளம்.

தரைப்படையின் புலமைப்பரிசில் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையோ, தங்குமிடச் சாப்பாட்டுச் செலவையோ படையே ஏற்கும். புத்தகங்களுக்கென வருடத்துக்கு 1,200 டொலரும், கைச்செலவுக்கு மாதம் 420 டொலரும் தருகிறார்கள். தங்கையின் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது இந்தத் தொகை எவ்வளவு பெரியது என்பது எனக்கே விளங்கியது.

இதற்குப் பிள்ளை செய்ய வேண்டியது என்ன? வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் உடற்பயிற்சி. இருட்டோடு எழும்பி, ஓடி, தண்டால் எடுத்து, குளித்துவிட்டு வகுப்புக்குப் போவாள். வாரந்தோறும் இராணுவப் பாடம். வரைபடம் பார்த்து வழி கண்டுபிடித்தல், ஒரு குழுவை நடத்துதல் போன்றவை. இடையிடையே வார இறுதியில் காட்டுப் பயிற்சி. இறுதி வருடத்துக்கு முந்திய கோடையில் கென்ரக்கி மாநிலத்தின் போர்ட் நொக்ஸ் முகாமில் ஏறக்குறைய ஐந்து வாரப் பயிற்சி. தாதிய மாணவிகளுக்கு இராணுவ வைத்தியசாலையிலும் கோடைகாலப் பயிற்சி பெறும் வாய்ப்பு உண்டு.

தாயின் கேள்வி

“பள்ளிக்கூடம் போறதுக்கு ஏன் துவக்கு?” என்று தங்கை கேட்டாள்.

“அம்மா, நான் நேர்ஸ். காயப்பட்ட ஆக்களுக்கு மருந்து கட்டத்தான் போறன்.”

“அந்தக் காயம் ஏன் வந்ததெண்டு கேக்க உனக்கு உரிமை இருக்குமா?”

பிள்ளை என் பக்கம் திரும்பினாள். “பெரியம்மா, நீங்கள் சொல்லுங்கோ.”

நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, செய் என்றும் சொல்லவில்லை. ஒப்பந்தத்தைக் கொண்டுவரச் சொன்னேன். மூன்று மாலைகள் நாங்கள் மூவரும் மேசையில் இருந்து அதை வாசித்தோம். பிள்ளை வாசித்து விளக்க, தங்கை கொப்பியில் கேள்விகளை எழுதினாள். பின்னர் பயிற்சிப் பிரிவில் இருந்த பெண் அதிகாரி ஒருவரிடம் அக்கேள்விகளைக் கேட்டோம்.

முதற் கேள்வி: மனம் மாறினால் எந்த நாள்வரை விலகலாம்? புலமைப்பரிசிலுடன் சேர்ந்தவர், இரண்டாம் வருடம் தொடங்கும் முன் விலகினால் கடமையும் இல்லை, பணம் திருப்பிக் கட்டவும் தேவையில்லை.

இரண்டாவது: அதற்குப் பின் விலகினால்? பெற்ற பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லலாம். அல்லது சாதாரண படைச் சிப்பாயாகச் சேவை செய்யுமாறு கட்டளையிடலாம்.

மூன்றாவது: எத்தனை வருடம்? மொத்தம் எட்டு. புலமைப்பரிசில் பெற்றவர் பொதுவாக நான்கு வருடம் முழுநேரச் சேவையில் இருக்க வேண்டும். மீதிக் காலம் சேமப்படையில் பெயர் இருக்கும். அழைத்தால் போக வேண்டும். எந்த முகாம், எந்த நாடு என்பதைப் படையே தீர்மானிக்கும். தாதிக்கும் இது பொருந்தும்.

தங்கை இன்னொன்றும் கேட்டாள். அங்கே பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு உண்டா? அமெரிக்கப் படைகளுக்குள் நடக்கும் பாலியல் வன்முறை பற்றி அந்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களமே வருடந்தோறும் அறிக்கை வெளியிடுகிறது. முறைப்பாடு செய்வதற்கு உள்ள வழிகளை அந்த அதிகாரி விளக்கினார். பிரச்சினை இல்லை என்று அவர் சொல்லவில்லை. அந்த நேர்மையைத் தங்கை மதித்தாள்.

பெறாமகள் விலகவில்லை. இரண்டாம் வருடம் தொடங்கிய நாள் தங்கை வழமைபோல் வேலைக்குப் போனாள். சில நாட்கள் வீட்டில் அதிகம் பேச்சில்லை. நான் முழு மனதோடு சம்மதித்தேன் என்று சொல்லமாட்டேன். வேறொரு நாட்டில், எங்களைப் போன்ற ஒரு தாயின் வாசலில் இந்தப் பிள்ளையின் சீருடை எப்படித் தெரியும் என்ற எண்ணம் இன்னும் எனக்கு உண்டு. ஆனால் அவள் அறியாமல் கையெழுத்து வைக்கவில்லை. எங்கள் ஊரில் பிள்ளைகளைக் கேட்டு வந்தவர்கள் எவரும் வாசித்துப் பார் என்று பத்திரம் நீட்டியதில்லை. அந்த வித்தியாசம் பெரியது. அதே வேளை, காசில்லாத வீட்டில் வறுமையும் பேனையைப் பிடித்துக்கொள்கிறது என்பதை நாம் மறக்கக்கூடாது. கட்டணமில்லாமல் படிக்க முடிந்திருந்தால் அவள் இதே முடிவை எடுத்திருப்பாளா? அவளிடமே கேட்டேன். “தெரியாது, பெரியம்மா” என்றாள்.

எமக்கு இதில் என்ன?

2012ஆம் ஆண்டு இறுதியில் கிளிநொச்சியில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் இளம் பெண்கள் இராணுவத்தில் சேர்க்கப்பட்டார்கள். என்ன வேலை என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெளிவாகச் சொல்லப்பட்டதா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. படை மட்டுமல்ல, வெளிநாட்டு வேலை, தொழிற்சாலை வேலை, புலமைப்பரிசில் என்று பலரும் எமது பெண் பிள்ளைகளைத் தேடி வருகிறார்கள். நல்லதும் வரும், கெட்டதும் வரும். பயந்து கதவைச் சாத்தினால் நல்லதும் போய்விடும்.

ஆகவே சகோதரிகளே, உங்கள் பிள்ளையிடம் யாராவது ஒரு பத்திரத்தை நீட்டினால் அன்றைக்கே கையெழுத்து வைக்க விடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து தமிழில் வாசித்து விளங்குங்கள். எத்தனை வருடம், எங்கே, என்ன வேலை, எந்த நாள்வரை விலகலாம், பிறகு விலகினால் என்ன நடக்கும் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். போரில் இழந்தவர்களுக்கு இந்தக் கேள்விகளைக் கேட்கும் உரிமை மற்ற எவரையும் விட அதிகம்.