குழையல் சோறும் கணக்குக் கொப்பியும்

போன ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையிலிருந்து என் பெறாமகள் வந்திருந்தாள். கலியாணம் முடிந்து எட்டு மாதம். ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்தில் இரண்டு அறையோடு ஒரு வாடகை வீடு. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள். தேத்தண்ணியை ஊற்றி முன்னால் வைத்தேன். குடிக்காமல் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, ரெண்டு சம்பளம் வருது. இருபதாந் தேதிக்குக் கையிலை ஒண்டும் இல்லை. எங்கை போகுதெண்டும் தெரியேல்லை. நீங்கள் ஒரு சம்பளத்திலை மூண்டு பிள்ளையளை எப்பிடி வளர்த்தனீங்கள்? சண்டை பிடிக்காமல் எப்பிடி இருந்தனீங்கள்?"

இரண்டாவது கேள்விதான் அவளுடைய உண்மையான கேள்வி என்று எனக்கு விளங்கியது. மூன்று தேத்தண்ணி முடியும்வரை பேசினோம். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புதிதாகக் குடித்தனம் தொடங்கிய எத்தனையோ பிள்ளைகளுக்கு இதே கேள்வி இருக்கிறது.

முதலில் கொப்பி. நூற்றி இருபது பக்க சீ.ஆர். கொப்பி ஒன்று போதும். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்தக் கொப்பி வீட்டில் எங்கே இருக்கிறது என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். எங்கள் வீட்டில் அது குளிர்சாதனப் பெட்டியின் மேல், நூலில் கட்டிய பேனையோடு கிடக்கும். அலுமாரிக்குள் போகாது. யார் கடைக்குப் போய் வந்தாலும் அவரே எழுத வேண்டும். கடைசிப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரிந்த நாளிலிருந்து "பாண் 1" என்று அவன்தான் எழுதுவான்.

ஜப்பானில் ஹானி மொதோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904ஆம் ஆண்டிலேயே வீட்டுக் கணக்குப் புத்தகம் ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார். காக்கேபோ என்று அங்கே சொல்வார்கள். அவர் சொல்லிக்கொடுத்த முறையில் மாதம் தொடங்க முன்பே உணவுக்கு இவ்வளவு, வைத்தியத்துக்கு இவ்வளவு என்று இடம் ஒதுக்கிவிட வேண்டும், பிறகுதான் செலவு. நாங்கள் பெரும்பாலும் செலவழித்து முடித்த பிறகே எழுதுகிறோம். முன்கூட்டி எழுதிப் பாருங்கள், பத்தாந் தேதிக்கே மிச்சம் எவ்வளவு என்று சொல்ல முடியும். பாதிக் கவலை அங்கேயே இறங்கிவிடும்.

என் அம்மா கணக்கைத் தலைக்குள் வைத்திருந்தா. ஒரு சதமும் பிசகாது. அப்பாவுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. மாதக் கடைசியில் மீன் குறையும், எங்கள் கோப்பைகளில் மட்டும் குறையாது. அம்மா எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் இருந்து, அடிச்சட்டியில் ஒட்டியிருந்த சொதியைச் சோற்றால் துடைத்துச் சாப்பிடுவா. நான் பதினாறு வயதில்தான் அதைக் கவனித்தேன். கெட்டிக்காரி, சிக்கனக்காரி என்று ஊரே அம்மாவைப் புகழ்ந்தது. அது சிக்கனமில்லை என்று இன்றைக்கு நான் உறுதியாகச் சொல்வேன். ஒருவர் வயிற்றை ஒடுக்கி மற்றவர்களுக்குக் கணக்குத் தெரியாமல் நடத்துகிற குடித்தனத்தில் மிச்சம் பிடிபடலாம், சந்தோசம் பிடிபடாது. பெறாமகளுக்கு நான் முதலில் சொன்னது இதுதான்: "பிள்ளை, நீ கடைசியாச் சாப்பிடுற வீடு வேண்டாம்."

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அரசாங்கம் அறிவித்தது. அதற்கு முந்திய ஓகஸ்டில் 1,493 ரூபாய்க்கு வாங்கிய 12.5 கிலோ காஸ் சிலிண்டர் அந்த ஏப்ரலில் 4,860 ரூபாய். மார்ச் முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதம், சாப்பாட்டுச் சாமான்களுக்கு மட்டும் பார்த்தால் 94.9 வீதம். நாட்டில் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போதிய உணவில்லாமல் இருப்பதாக உலக உணவுத் திட்டம் கணக்கிட்டது. அந்த வருடத்தை அழகாக்கி எழுத எனக்கு மனமில்லை. பசித்த வீட்டுக்குப் போய்ச் சிக்கனம் பேசுவது பெரிய கொடுமை. நான் சொல்வதெல்லாம் மூன்று நேரச் சாப்பாட்டுக்கு எப்படியோ வழியுள்ள, அதற்கு மேலே கை இழுக்கிற எங்களைப் போன்ற வீடுகளுக்குத்தான்.

எங்கள் வீட்டில் கொப்பி உண்மையாகத் திறந்தது அந்த வருடம்தான். ஒரு இரவு மெழுகுதிரி வெளிச்சத்தில் ஐந்து பேரும் நிலத்தில் இருந்து வாசித்தோம். பால்மாவுக்கு இவ்வளவு போகிறதா என்று நடுவிலான் திகைத்துப் போனான். அடுத்த நாள் காலையில் அவனே பால் இல்லாமல் பிளேன்ரீ கேட்டான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பனங்கட்டிக் குட்டான் ஒன்று இருந்தது. அதை உடைத்து ஆளுக்கொரு துண்டு உள்ளங்கையில் வைத்து, கடித்துக் கடித்துக் குடித்தோம். என் பாட்டி குடித்த மாதிரியே. "இப்படியே குடிக்கலாமே அம்மா, நல்லாத்தானே இருக்கு" என்றான். நான் சொல்லியிருந்தால் முறைத்திருப்பான். கணக்கை அவனே கண்டதால் அது அவனுடைய முடிவாகிவிட்டது.

இனி, கேட்டதும் அவள் கோப்பையைக் கீழே வைத்த விஷயம்: கரண்ட் பில். இதைப் பொறுமையாக விளங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் மின்கட்டணம் படிக்கட்டு மாதிரி. மாதத்துக்கு 60 அலகுக்குள் நிற்கிற வீட்டுக்கு ஒரு அட்டவணை. 60ஐத் தாண்டிய வீட்டுக்கு வேறு அட்டவணை, அதில் முதலாவது அலகிலிருந்தே விலை வேறு. அதற்கு மேல் 90, 120, 180 என்று படிகள். ஒவ்வொரு படி ஏறும்போதும் மேலதிக அலகின் விலை கூடும், அதோடு நிலையான கட்டணமும் கூடும். ஆகவே 92 அலகு எரித்த வீடு 90 எரித்த வீட்டைவிட இரண்டு அலகுக்கு மட்டும் கூடக் கட்டுவதில்லை, ஒரு படிக்கும் சேர்த்துக் கட்டுகிறது. விலைகள் அடிக்கடி மாறும், படிக்கட்டு என்ற அமைப்பு அப்படியேதான் இருந்து வருகிறது.

இதற்கு மருந்து மீட்டரைப் பார்ப்பது. 90க்குள் நிற்க வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு மூன்று அலகு, கிழமைக்கு 21. பில் வந்த நாளில் இலக்கத்தைக் கொப்பியில் குறித்துவிட்டு, ஏழாம் நாள் திரும்பப் பாருங்கள். 26 போயிருந்தால் அடுத்த கிழமை கையைச் சுருக்கலாம். பில் வந்த பிறகு சுருக்க ஒன்றும் இல்லை. கிழமைக்குரிய உடுப்பை ஞாயிறு ஒரே தடவையில் அயன் பண்ணுங்கள். சோறு வெந்ததும் குக்கரின் ஆளியை நிற்பாட்டுங்கள், சூடாக வைத்திருக்கும் அந்தச் சின்ன வெளிச்சமும் கரண்ட் தின்னும். மீட்டர் பார்க்கிற வேலை யாருடையது என்று அவள் கேட்டாள். "சமைக்காத ஆளின்ரை" என்றேன்.

சாமான் வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரிசி, பருப்பு, சீனி எல்லாவற்றையும் பக்கத்து வீட்டோடு சேர்ந்து புறக்கோட்டை நாலாங் குறுக்குத் தெருவில் மூடையாக எடுத்துப் பிரித்துக்கொள்ளலாம். அறக்குளாவும் பாரையும் விசேஷத்துக்கு. மற்ற நாட்களில் சாளை, சூடை, நெத்தலி. சுவையில் அவை ஒன்றும் குறைவில்லை, ஆய்வதற்குத்தான் பொறுமை வேண்டும். இரண்டு பேர் இருந்து ஆய்ந்தால் அதுவும் கதையோடு கதையாக முடிந்துவிடும்.

சீட்டைப் பற்றியும் கேட்டாள். அவள் வேலை செய்யுமிடத்தில் பெண்கள் சீட்டுப் பிடிக்கிறார்களாம், சேரலாமா என்றாள். பன்னிரண்டு பேர், ஆளுக்கு மாதம் 10,000. ஒவ்வொரு மாதமும் சேர்கிற 120,000 ஒருவருக்கு. யாருக்கு எந்த மாதம் என்பது குலுக்கலில். முதல் மாதம் எடுக்கிறவருக்கு அது வட்டியில்லாக் கடன், கடைசியில் எடுக்கிறவருக்கு அது சேமிப்பு. இலங்கையில் சீட்டுக்கென்று 1935ஆம் ஆண்டே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது, அவ்வளவு பழக்கம், அவ்வளவு ஏமாற்றும் கூட. ஆகவே பிடிக்கிறவரைத் தெரியாமல் சேரக்கூடாது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2021 ஒக்டோபரில் எங்கள் மாடியில் ஒரு சீட்டுத் தொடங்கியது. பன்னிரண்டாவது இலக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு விழுந்தது. விலை ஏற ஏற எங்களுக்குக் கலக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு வருடத்தில் விலைகள் 69.8 வீதம் ஏறினால், முடிவில் கைக்கு வருகிற 120,000 தொடக்கத்து விலையில் ஏறக்குறைய 70,700 ரூபாய்க்குத்தான் பெறும். மே மாதச் சீட்டை எடுக்க இருந்த பிள்ளை, புதுத் தொலைக்காட்சி வாங்க நினைத்திருந்தவள், ஆசிரியையின் கதவைத் தட்டி இடத்தை மாற்றிக்கொண்டாள். நட்டம் எவ்வளவென்று அவளுக்கு நன்றாகவே தெரியும், வங்கியில் வேலை செய்தவள். அந்தக் காசில் ஆசிரியை கண் சத்திரசிகிச்சையை முடித்தா. அவர்கள் இருவரும் இன்றைக்கும் மாலையில் ரயில் தண்டவாளத்துக்கு அப்பால் கடற்கரையில் கச்சான் கொறித்தபடி நடப்பதை நான் யன்னலால் பார்க்கிறேன்.

வட்டியோடு நிம்மதியாகச் சேர்க்க வங்கியும் இருக்கிறது. 1832இல் தொடங்கிய இலங்கைச் சேமிப்பு வங்கியும் 1885இன் தபால் நிலையச் சேமிப்பு வங்கியும் இணைந்துதான் 1972இல் தேசிய சேமிப்பு வங்கி இயங்கத் தொடங்கியது. சீட்டு ஒரு நோக்கத்துக்கு, வங்கி அவசரத்துக்கு. இரண்டையும் குழப்பாமல் இருந்தால் சரி.

நோக்கம் என்றதும் சொல்ல வேண்டியது. எங்கள் கொப்பியின் பின்னட்டைக்குள் ஒரு கடித உறை இருக்கும். மேலே "யாழ்தேவி" என்று எழுதியிருக்கும். 1990இல் நின்றுபோன ரயில் 2014 ஒக்டோபரில் திரும்ப யாழ்ப்பாணம் போன நாளிலிருந்து அந்த உறை இருக்கிறது. மிஞ்சுகிற சில்லறை அதற்குள். வருடத்தில் ஒருமுறை மூன்றாம் வகுப்பில் ஐந்து பேரும் போவோம். எதற்காக மிச்சம் பிடிக்கிறோம் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்ததால் ஐஸ்கிறீம் கடையைத் தாண்டும்போது அவர்கள் என்னை இழுத்ததில்லை. சிலவேளை நானே வாங்கிக் கொடுத்ததும் உண்டு. அந்தளவுக்குக்கூட இளகாத கணக்கு வீட்டில் நிலைக்காது.

பேசப் பேச மதியமாகிவிட்டது. சமைக்கவில்லை. முதல்நாள் இரவுச் சோறு தண்ணீர் ஊற்றி வைத்திருந்தது, கொஞ்சம் மீன்குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, கீரைக்கறியில் ஒரு கரண்டி, பருப்பு. "கடையிலை ஏதும் எடுப்பமா பெரியம்மா?" என்றாள். வேண்டாம் என்று பெரிய சட்டியை எடுத்து நிலத்தில் வைத்தேன். தண்ணீரை வடித்துச் சோற்றைப் போட்டு, கறிகளை ஒவ்வொன்றாய்க் கவிழ்த்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் வெட்டிப் போட்டு, தயிர் இரண்டு கரண்டி, தேசிக்காய்ப் பாதி, உப்பு. கையால் குழைத்தேன். கறிகளின் நிறங்கள் போய் ஒரே நிறமாகும்வரை குழைக்க வேண்டும், அப்போதுதான் ஒவ்வொரு பிடியிலும் எல்லாம் இருக்கும்.

சுற்றிவர இருந்தோம். ஆளுக்கொரு பிடியாக உருட்டி உள்ளங்கையில் வைத்துக்கொண்டே போனேன். குழையலில் யாருக்கும் கோப்பை இல்லை, யாருக்குக் கூட யாருக்குக் குறைய என்பதும் இல்லை. சட்டி எல்லாருக்கும் நடுவில் தெரிகிறது, முடிகிறதும் எல்லாருக்கும் தெரிகிறது. குழைக்கிறவளும் சுற்றுக்கு ஒரு பிடி சாப்பிட்டுக்கொண்டே கொடுக்கலாம். என் அம்மா வயிறார, எங்களோடு ஒன்றாகச் சாப்பிட்டுக் கண்டது குழையல் நாட்களில் மட்டும்தான். அந்த நாட்களில் அவ சிரித்துக்கொண்டே இருப்பா. எனக்கு இது விளங்க இத்தனை வருடம் பிடித்தது. அதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்துவிட்டது. பெறாமகள் ஒன்றும் பேசாமல், மிளகாய் கடித்த கண்ணீரோடு, அடுத்த பிடிக்குக் கையை நீட்டினாள்.

போகும்போது என்னிடமிருந்த ஒரு புதுக் கொப்பியைக் கொடுத்துவிட்டேன். இரவு ஒன்பது மணிபோல் கைத்தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. கொப்பியின் முதல் பக்கம். மேலே தேதி, அதன் கீழே "மீட்டர் 4317" என்று மட்டும் இருந்தது. கையெழுத்து அவளுடையதில்லை.