ராஸ்ப்பெர்ரி பை போர்டில் லினக்ஸ்

கம்ப்யூட்டரில் லினக்ஸ் இன்ஸ்டால் செய்திட வைத்திருக்கும் அதே டிவிடியை ராஸ்ப்பெர்ரி பை போர்டிலும் பயன்படுத்தலாமா? போர்டு வாங்கிய பலருக்கு எழும் முதல் கேள்வி இது. முடியாது என்பதுதான் பதில். ஏன் முடியாது என்று தெரிந்து கொண்டால், மற்ற வேலைகள் எளிதாகிவிடும்.

ஏடிஎம் கார்டு அளவே உள்ள இந்த போர்டு, 2012 பிப்ரவரி 29ல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. ப்ராசசர், ராம் மெமரி, யுஎஸ்பி, எச்டிஎம்ஐ எல்லாம் ஒரே பலகையில் இருக்கும். ஹார்ட் டிஸ்க் மட்டும் இல்லை. அதன் இடத்தில் மைக்ரோ எஸ்டி கார்டு ஒன்றைச் செருகுகிறோம்.

நம் வீட்டு கம்ப்யூட்டரில் இருப்பது இன்டெல் அல்லது ஏஎம்டி ப்ராசசர். பை போர்டில் இருப்பது மொபைல் போனில் உள்ளது போன்ற ஏஆர்எம் வகை. ஒன்றுக்காகத் தயாரித்த புரோகிராம் மற்றொன்றுக்குப் புரியாது. எனவே ஒரே டெபியன் லினக்ஸ், இரண்டு வகைக்கும் தனித்தனியாகத் தயாரிக்கப்படுகிறது. பைல் பெயரில் ஏஎம்டி64 என்றிருந்தால் அது கம்ப்யூட்டருக்கு (இன்டெல் ப்ராசசருக்கும் இதுதான், பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்). ஏஆர்எம்64 என்றிருந்தால் பை போன்ற போர்டுகளுக்கு.

பம்மலுக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு கதை உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏயு-கேபிசி ஆராய்ச்சி மையமும், சென்னை சி-டாக் நிறுவனமும் இணைந்து, 2005ல் திறமூல மென்பொருளுக்கான தேசிய மையத்தைத் தொடங்கின. அந்த முயற்சியில் 2007ல் வந்தது பாஸ் லினக்ஸ். அதுவும் டெபியனில் இருந்து உருவானதுதான். பழைய கம்ப்யூட்டருக்கென வாங்கிய பாஸ் டிவிடி உங்களிடம் இருந்தால் பத்திரமாக வைத்துக் கொள்ளுங்கள். ஆனால் பை போர்டில் அது இயங்காது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. கம்ப்யூட்டரில் டிவிடியைப் போட்டு, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, ஹார்ட் டிஸ்க்கில் சிஸ்டத்தைப் பதிகிறோம். பை போர்டில் அப்படி எதுவும் இல்லை. ஏற்கனவே பதிந்து தயாராக உள்ள சிஸ்டத்தின் முழு நகலை, வேறொரு கம்ப்யூட்டரில் வைத்து எஸ்டி கார்டில் எழுதிவிடுகிறோம். கார்டைச் செருகி மின்சாரம் கொடுத்தால் லினக்ஸ் எழுந்துவிடும்.

எந்த லினக்ஸ்? புதியவர்களுக்கு என் பரிந்துரை ராஸ்ப்பெர்ரி பை ஓஎஸ். 2020 வரை ராஸ்ப்பியன் என்ற பெயரில் இருந்தது இதுதான். உள்ளே இருப்பது டெபியனே. உபுண்டுவும் கிடைக்கிறது, அதன் டெஸ்க்டாப் பதிப்புக்கு 4 ஜிபி ராம் வேண்டும். 2012ல் வந்த முதல் போர்டு கையில் இருந்தால் 32 பிட் ராஸ்ப்பெர்ரி பை ஓஎஸ் மட்டுமே சரி. அதன் ப்ராசசர் மிகப் பழைய ஏஆர்எம் என்பதால் வழக்கமான டெபியன் ஓடாது.

வாங்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் பழைய கீபோர்டு, மவுஸ், மானிட்டர் பேரம் பேசி வாங்கலாம். மானிட்டரில் எச்டிஎம்ஐ உள்ளதா என்று மட்டும் பாருங்கள். ஆனால் எஸ்டி கார்டை அங்கே வாங்காதீர்கள். 64 ஜிபி என்று அச்சிட்டு, உள்ளே 8 ஜிபி மட்டும் உள்ள போலிக் கார்டுகள் சந்தையில் உலவுகின்றன. ரிச்சி தெருவுக்கே போனாலும் பில் கேட்டு வாங்குங்கள்.

இனி, கார்டில் எழுதுவது. ராஸ்ப்பெர்ரி பை இமேஜர் என்ற இலவச புரோகிராமை விண்டோஸ் கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்திடவும். அதைத் திறக்கும் முன், செருகியுள்ள பென் டிரைவ், எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் அனைத்தையும் கழற்றிவிடுங்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் டிரைவில் உள்ள அனைத்தும் அழியும். கல்யாண போட்டோக்கள் உள்ள டிரைவைத் தவறி கிளிக் செய்துவிட்டால், ரீசைக்கிள் பின்னில் தேடிப் பயனில்லை.

போர்டு, ஆப்பரேட்டிங் சிஸ்டம், கார்டு மூன்றையும் தேர்ந்தெடுத்த பின், யூசர் நேம், பாஸ்வேர்ட், வைஃபை விவரங்களை இமேஜர் கேட்கும். பழைய புத்தகங்களில் யூசர் நேம் பை, பாஸ்வேர்ட் ராஸ்ப்பெர்ரி என்று போட்டிருக்கும். 2022 ஏப்ரலில் அது நீக்கப்பட்டது; நீங்களே ஒன்றை அமைக்க வேண்டும். வைஃபைக்கு நாடு இந்தியா எனக் கொடுங்கள். கீபோர்டு யுஎஸ் வகையாக இருக்கட்டும். இங்கிலாந்து வகையாக இருந்தால், 2க்கு மேலுள்ள அட் குறியை அடித்தால் மேற்கோள் குறி வரும். பாஸ்வேர்ட் சரியாக அடித்தும் உள்ளே நுழைய முடியாமல் திண்டாடுவது இதனால்தான்.

எழுதி முடித்த கார்டை மீண்டும் விண்டோஸில் செருகினால், டிரைவை பார்மட் செய்யவா என்று கேட்கும். கேன்சல் கொடுங்கள். 32 ஜிபி கார்டு அரை ஜிபியாகத் தெரிந்தாலும் பயம் வேண்டாம். மீதிப் பகுதி லினக்ஸ் முறையில் இருப்பதால் விண்டோஸுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மின்சாரம்தான் நம் ஊரில் உண்மையான எதிரி. பை 4 போர்டுக்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். பழைய மொபைல் சார்ஜரைச் செருகினால் திரையில் மின்னல் குறி வரலாம். மின்னழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். கார்டில் எழுதிக் கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பைல்கள் கெடலாம், சில சமயம் சிஸ்டமே எழாது. எனவே மெனுவில் ஷட் டவுன் கொடுத்து, பச்சை விளக்கு துடிப்பது நின்ற பிறகே சுவிட்சை அணைக்கவும். வீட்டு இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோட் சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டு வையுங்கள். மாறும் நேரத்தில் போர்டு ரீஸ்டார்ட் ஆவது குறையும்.

பை 4 வரையிலான போர்டுகளில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. கரண்ட் வந்ததும் நேரம் தவறாக இருந்து, இணைய தளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டினால், வைஃபை இணைந்து நேரம் சரியாகும் வரை சில நிமிடம் காத்திருங்கள். பை 5ல் கடிகாரம் உண்டு. அதற்கான சிறிய பேட்டரியைத் தனியே வாங்கிப் பொருத்த வேண்டும்.