பாட்டு இழுப்பது ஏன்?

ஹைதராபாத்தில் வியாழக்கிழமைதோறும் கூடும் ஜுமேராத் பஜாரில், பழைய பித்தளைப் பாத்திரங்களுக்கும் ஓடாத மின்விசிறிகளுக்கும் நடுவே, வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போனவர்கள் ஒரு காலத்தில் விடுமுறைக்குத் திரும்புகையில் பெருமிதத்தோடு சுமந்துவந்த டேப் ரிக்கார்டர்கள் கேட்பாரற்றுக் கிடக்கும். வாங்கிவந்து மின்சாரம் கொடுத்தால் விளக்கு எரியும், மோட்டாரும் சுழலும், பாட்டு மட்டும் இழுக்கும். உடனே மோட்டார் போய்விட்டதென்று தீர்மானித்துவிடுவோரே அதிகம். என் அபிப்பிராயத்தில் இது பெரும்பாலும் வீண்பழி. குற்றவாளிகள் உள்ளே மறைந்திருக்கும் இரண்டு மூன்று ரப்பர்த் துண்டுகளே.

பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய கேசட்டில், 3.81 மில்லிமீட்டர் அகலமுள்ள நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில், கூடாமலும் குறையாமலும், ஒலியைப் படிக்கும் ஹெட்டைக் கடந்து செல்லவேண்டும் என்பது நியதி. அந்த நியதியைக் காப்பது கேப்ஸ்டன் என்னும் மெல்லிய எஃகுத் தண்டும், அதன்மீது நாடாவை அழுத்திப் பிடிக்கும் பிஞ்ச் ரோலர் என்னும் ரப்பர் உருளையும். மோட்டாரின் சுழற்சியைத் தண்டுக்குக் கொண்டுசேர்ப்பது ரப்பர் பெல்ட். கடந்துவந்த நாடாவைச் சுருட்டிக்கொள்ளும் சக்கரத்தைக்கூடப் பல இயந்திரங்களில் ஒரு ரப்பர் வளையந்தான் ஓட்டுகிறது. அது வழுக்கினால், தண்டு தள்ளிவிடும் நாடா, வாங்கிக்கொள்வாரின்றி உருளையைச் சுற்றிக்கொண்டு சிக்கிவிடுகிறது. கேசட்டில் பென்சிலைச் செருகிச் சுற்றிய தலைமுறைக்கு அதன் பிறகு நேர்வதை விவரிக்க வேண்டியதில்லை.

ரப்பர் என்பது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் திரள். 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கியபோது அச்சங்கிலிகளுக்கு இடையே குறுக்குப் பாலங்கள் விழுந்தன. இழுத்துவிட்டால் பழைய நிலைக்கே மீளும் குணம் அதனால் வலுப்பட்டது. ஆனால் ரசாயனம் தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடுவதில்லை. காற்றிலுள்ள பிராணவாயு வருஷக்கணக்கில் புதுப் பாலங்களைக் கட்டிக்கொண்டே போனால் ரப்பர் இறுகிப் பளபளப்பாகி வழுக்குகிறது. பாலங்களையும் சங்கிலிகளையும் அறுத்துக்கொண்டே போனால் இளகித் தொய்கிறது. ஓசோனோ, இழுபட்ட நிலையிலுள்ள ரப்பரைத் தாக்கி, இழுவிசைக்குக் குறுக்காக நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குகிறது. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது ரசாயனிகளின் உத்தேசக் கணக்கு. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் இந்நகரத்தின் பரண்களில் கிடந்த இயந்திரத்தின் கதியை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம். பாலியூரிதேனால் ஆன சில பெல்ட்டுகளை ஈரக்காற்றே சிதைத்துவிடுகிறது. மூடியைத் திறந்தால் அவை பதம் தவறிய வெல்லப்பாகுபோல் சக்கரத்தில் அப்பிக்கிடக்கும். தொட்ட விரலின் கருமை எளிதில் போகாது.

ஆகவே அழுக்கு வேறு, முதுமை வேறு என்று பிரித்தறிவதே முதற்படி. பிஞ்ச் ரோலரின் நடுவே தெரியும் பழுப்புப் பட்டை நாடாவிலிருந்து உதிர்ந்த இரும்பு ஆக்சைடு. அது வெறும் அழுக்கு. காது குடையும் பஞ்சுக் குச்சியை இளஞ்சோப்பு நீரில் தோய்த்துப் பிழிந்து, பஞ்சில் பழுப்பு ஏறுவது நிற்கும்வரை உருளையைத் திருப்பித் திருப்பித் துடைத்து, நன்றாக உலரவிட வேண்டும். ஹெட்டுக்கும் தண்டுக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் உகந்தது. ரப்பரில் அதை அடிக்கடி பூசினால் உள்ளிருக்கும் மென்மையூட்டிகள் கரைந்து வெளியேறக்கூடும். பெட்ரோலும் தின்னரும் உதவவே உதவா. மேற்பரப்பு மட்டும் வழவழப்பேறியிருந்தால் மிக நைசான உப்புத்தாளால் ஒரே சீராக லேசாகத் தேய்க்கலாம்.

இறுகிய ரப்பரை மீட்கும் ரசவாதமாகச் சிலர் சிபாரிசு செய்யும் திரவங்களில் முக்கியமானது மெத்தில் சாலிசிலேட். நம் வீட்டு வலித்தைலங்களில் மணக்கும் அதே பொருள். (அதற்காகத் தைலத்தை எடுத்து உருளையில் தடவிவிடாதீர்கள்.) அது ரப்பருக்குள் ஊறி உப்பச்செய்து மென்மை தருவது உண்மைதான். ஆனால் அறுந்த சங்கிலியை அது ஒட்டவைப்பதில்லை; ஆவியாகிப் போனபின் பழைய கடினம் திரும்பிவிடுகிறது. தொய்ந்த பெல்ட்டுக்கோ அதனால் பயனே இல்லை. பெல்ட்டை மாற்றத்தான் வேண்டும்.

ஹைதராபாத்தின் கோட்டிப் பகுதியில் குஜராத்தி கல்லி என்னும் சந்தில் மின்னணு உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. போகும்போது பழைய பெல்ட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அது உருகிப்போயிருந்தால் பசையை ஆல்கஹாலால் ஒட்டின்றித் துடைத்துவிட்டு, சக்கரங்களைச் சுற்றி ஒரு நூலை ஓட்டி அளந்து, அந்த அளவுக்குச் சுமார் ஐந்து சதவீதம் குறைவான சுற்றளவுள்ளதைக் கேளுங்கள். மாட்டி முடித்ததும், தாத்தாவின் குரலோ எவருடைய கல்யாணக் கச்சேரியோ பதிந்த கேசட்டை ஆவலோடு முதலில் போட்டுவிடாதீர்கள். போனால் போகட்டும் என்னும்படியான ஒரு கேசட்டை இரு பக்கமும் முழுதாக ஓடவிட்டுப் பாருங்கள்.