திறப்பும் ஆங்கிலப் பேச்சும்

மனிதன் நாள்தோறும் செய்யும் செயல்களுள் மிகச் சிறியவற்றைப் பற்றிப் பேசுவதே அந்நிய மொழியிற் பெருங் கடினமாக அமைந்துவிடுகின்றது. அரசியல், விஞ்ஞானம், இலக்கியம் ஆகியன பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதத் தெரிந்த மாணவன், "நீர் வெளியே செல்லும்போது திறப்புக்களை உடன்கொண்டு செல்வீரா?" என்று ஒருவர் ஆங்கிலத்திற் கேட்டால் திகைத்து நிற்பதுண்டு. காரணம் வெளிப்படை. முன்னையவற்றை அவன் ஆங்கில நூல்களிற் படித்திருக்கின்றான்; பின்னையதைத் தமிழிலேயே வாழ்ந்திருக்கின்றான். கதவைச் சாத்துவதும், பூட்டுவதும், திறப்பைத் தேடுவதும், அது காணாமற் போனால் வீட்டாரிடம் ஏச்சு வாங்குவதும் தமிழில் நடந்தவை. அவற்றிற்குரிய ஆங்கிலச் சொற்கள் பாடப் புத்தகத்தில் அரிதாகவே கிடைக்கின்றன.

இவ்வினா வீண் கற்பனையன்று. 1989ஆம் ஆண்டு முதல் ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்னும் பெயரில் நடைபெற்றுவரும் சர்வதேச ஆங்கிலப் பரீட்சையின் பேச்சுத் தேர்வு இத்தகைய எளிய வினாக்களோடுதான் தொடங்குகின்றது. அத்தேர்வு 11 முதல் 14 நிமிடம் வரை நடைபெறும். மூன்று பகுதிகளைக் கொண்டது. முதற் பகுதியாகிய 4 முதல் 5 நிமிடத்தில் வீடு, தொழில், உணவு, ஓய்வுநேரம், திறப்பு, குடை போன்ற அன்றாட விடயங்களையே பரீட்சகர் வினவுவார். வெளிநாட்டுப் பல்கலைக்கழக அனுமதி, தாதியர் பதிவு, குடியேற்றம் முதலியவற்றிற்கு இப்பரீட்சையின் புள்ளி கேட்கப்படுவதால், நம் நாட்டு இளைஞர் பலருக்கு அச்சில நிமிடங்கள் வாழ்க்கையின் திருப்பமாகவே அமைகின்றன. நகையை அடகு வைத்துப் பரீட்சைக் கட்டணம் செலுத்தும் குடும்பங்களும் உள. ஆகையால் இதனைச் சிறு விடயமென்று தள்ளிவிடுதல் தகாது.

பரீட்சகர் எவற்றை மதிப்பிடுகின்றார் என்பதை முதலில் அறிதல் வேண்டும். தடையின்றித் தொடர்பாகப் பேசுதல், சொல்வளம், இலக்கணத்தின் விரிவும் திருத்தமும், உச்சரிப்பு என்னும் நான்கிற்கும் சமமான மதிப்பே வழங்கப்படும். விடையிற் கூறப்படும் செய்தி வியப்புக்குரியதா, கூறுபவர் செல்வரா வறியவரா என்பவற்றிற்குப் புள்ளி இல்லை. பத்துத் திறப்புடையவனும் ஒரு திறப்பும் இல்லாதவனும் அங்கே சமமானவர்களே.

இதனை உணராமையால் மாணாக்கரிடம் இரு குறைகள் காணப்படுகின்றன. ஒன்று, "ஆம்", "இல்லை" என்று ஒரே சொல்லில் விடையை முடித்துவிடுதல். மற்றையது, தனியார் வகுப்பிற் கொடுத்த விடையை நெட்டுருச் செய்து ஒப்புவித்தல். முன்னையது பரீட்சகருக்கு மதிப்பிடுவதற்கு எதனையும் கொடுப்பதில்லை. பின்னையது அதனினும் கேடானது. மனனம் செய்த விடையை இனங்காணப் பரீட்சகர் பயிற்றப்பட்டிருக்கின்றார். மேலும், வினா சிறிது மாறிவிட்டால் ஒப்புவிப்பவன் நடுவழியிற் சொல்லிழந்து நிற்க நேரிடும்.

நல்ல விடை பிறப்பதற்கு வழி யாது? முதலில் தன் வழக்கத்தைத் தானே உற்று நோக்குதல் வேண்டும். தன்னிடம் எத்தனை திறப்பு உண்டு, அவை எவ்வெவற்றுக்குரியன, அவை தொங்குவது எந்த ஆணியில், இரவில் வாசற்கதவைப் பூட்டுபவர் யார் என்று ஒருநாள் கவனித்தாற் போதும்; விடைக்கு வேண்டிய பொருள் தானே திரளும். கிராமத்து வீடொன்றில் வளர்ந்த பெண்ணொருத்தி, "நான் திறப்புக் கொண்டு செல்வதில்லை, எங்கள் வீட்டில் எப்போதும் ஒருவர் இருப்பர், திறப்புக் கோர்வை அம்மம்மாவின் இடுப்பிலேயே இருக்கும்" என்று ஆங்கிலத்திற் கூறுவாளாயின், அது நிறைவான விடையாகும். நகரத்து மாடிவீட்டில் வாழ்பவளைப் போல அவள் நடிக்க வேண்டியதில்லை. அவ்விடையின் அமைப்பும் நோக்கத்தக்கது. முதலில் நேரான விடை, அடுத்துக் காரணம், இறுதியில் ஒரு சான்று. இம்மூன்றும் அமைந்தால் மூன்று நான்கு வாக்கியங்களில் விடை முற்றுப்பெறும். அதற்கு மேல் நீட்டுதல் முதற் பகுதிக்கு வேண்டுவதன்று.

இனிச் சொற்களைக் கவனிக்கலாம். நம் பேச்சு வழக்கில் 'பூட்டு' என்னும் வினை இரண்டு பொருளுக்கு நிற்கின்றது. காற்று வருகின்றது, கதவைப் பூட்டு என்றால் சாத்துவதைக் குறிக்கும். ஊருக்குப் போகிறோம், கதவைப் பூட்டு என்றால் திறப்பிட்டுப் பூட்டுவதைக் குறிக்கும். ஆங்கிலத்தில் முன்னையது 'ஷட்' அல்லது 'குளோஸ்', பின்னையது 'லொக்'. அவ்வாறே 'திற' என்னும் வினைக்கும் இரண்டு சொற்கள் உள. பூட்டை நீக்குதல் 'அன்லொக்'. கதவைத் திறத்தல் 'ஓப்பன்'. ஆமைப்பூட்டுக்கு 'பட்லொக்' என்றும், திறப்புக் கோர்வைக்கு 'பன்ச் ஒஃப் கீஸ்' என்றும் பெயர். இவை கடினமான சொற்களல்ல. ஆயினும் பரீட்சகரை மருட்டுவதற்கென அகராதியிலிருந்து எடுத்த நீண்ட சொல்லினும், இடமறிந்து கூறிய இச்சிறு சொல்லே சொல்வளத்திற்குச் சான்றாகும்.

திறப்பைப் பற்றிய வினாக்களில் இழத்தலும் மறத்தலும் அடிக்கடி வரும். "திறப்பை வீட்டில் மறந்துவிட்டேன்" என்று தமிழிற் கூறுவது இயல்பு. அதனை அப்படியே ஆங்கிலமாக்கி, 'ஐ ஃபர்கொட் மை கீஸ் அட் ஹோம்' என்போர் பலர். விட்டுவந்த இடத்தைக் கூறுமிடத்து ஆங்கிலத்திற்கு உரிய வினை 'லீவ்' என்பதாகும். 'ஐ லெஃப்ட் மை கீஸ் அட் ஹோம்' என்பதே செம்மையானது. இடத்தைக் கூறாது மறந்தமையை மட்டும் கூறுவதாயின் 'ஃபர்கொட்' பொருந்தும். வைத்த இடம் தெரியாமற் சிறிதுநேரம் தேடுதல் 'மிஸ்பிளேஸ்'. முற்றாகத் தொலைத்தல் 'லூஸ்'. திறப்பை உள்ளே வைத்துவிட்டுக் கதவு பூட்டிக்கொள்ள வெளியே நிற்கும் நிலைமைக்கு 'ஐ லொக்ட் மைசெல்ஃப் அவுட்' என்னும் தொடர் மிகப் பொருத்தமானது.

அடுத்தது காலம். 'திறப்பைப் பைக்குள் வைக்கிறேன்' என்னும் தமிழ் வாக்கியம் இப்போது நிகழும் செயலையும் அன்றாட வழக்கத்தையும் ஒருங்கே குறிக்கும். ஆங்கிலம் இவற்றை வேறுபடுத்துகின்றது. வழக்கத்திற்கு 'ஐ கீப்' என்பதே உரியது. 'ஐ ஆம் கீப்பிங்' என்று நாள்தோறும் செய்வதைக் கூறுதல் பிழை. இதனோடு தொடர்புடைய மற்றொரு பிழை 'யூஸ்ட் டு' என்பதைத் தற்கால வழக்கத்திற்குக் கையாளுதலாகும். அத்தொடர் முன்னர் இருந்து இப்போது நின்றுபோன வழக்கத்தையே குறிக்கும். சிறுவயதில் திறப்பைக் கழுத்தில் மாட்டியிருந்தவர் அதனைக் கூறுவதற்கு அத்தொடர் ஏற்றது. இன்றைய வழக்கத்திற்கு 'யூஷ்வலி' என்னும் சொல் போதும்.

"எப்போதாவது திறப்பைத் தொலைத்திருக்கின்றீரா?" என்னும் வினாவிற்கு விடையளிப்பதில் தமிழே துணைபுரிகின்றது. காலத்தைக் குறியாது 'தொலைத்திருக்கின்றேன்' என்னுமிடத்து 'ஐ ஹாவ் லொஸ்ட்' வரும். 'சென்ற வருடம் தொலைத்தேன்' என்று காலத்தைக் குறித்துவிட்டால் 'ஐ லொஸ்ட்' என மாறுதல் வேண்டும். ஆயினும் ஓர் எச்சரிக்கை உண்டு. தமிழில் 'நேற்று வந்திருக்கின்றான்' என்பது வழுவன்று; ஆங்கிலத்தில் 'நேற்று' என்னும் சொல்லோடு 'ஹாவ்' சேர்ந்த வடிவம் பொருந்தாது. வினா 'ஹாவ்' என்று தொடங்கியதனால் விடை முழுவதையும் அவ்வடிவிலேயே சொல்லிச் செல்லுதல் மாணாக்கர் பலரின் பிழையாகும்.

சிறு சொற்களும் ஒருமை பன்மையும் நான்காவதாகக் கருதத்தக்கன. 'திறப்பைக் காணவில்லை' என்று தமிழிற் கூறினால் யாருடையது, எது என்பன சொல்லாமலே விளங்கும். ஆங்கிலத்திலோ 'மை' அல்லது 'த' முன்னே வந்தாக வேண்டும். பேச்சுத் தமிழில் 'மூன்று திறப்பு' என்று ஒருமையிற் சொல்லலாம்; ஆங்கிலத்தில் 'த்ரீ கீஸ்' என்று பன்மையே வேண்டும். வாசற்கதவின் திறப்பு என்பதற்கு வழக்கமாக வரும் இடைச்சொல் 'டு' ஆகும். 'த கீ டு த ஃப்ரண்ட் டோர்' என்பர்.

உச்சரிப்பில் ஒரு நுட்பம் உண்டு. தொலைத்தல் என்னும் பொருள் தரும் 'லூஸ்' என்பதும், தளர்வான என்னும் பொருள் தரும் 'லூஸ்' என்பதும் தமிழ் எழுத்தில் ஒன்றே. ஆங்கிலச் செவிக்கு அவை வெவ்வேறு சொற்கள். முன்னையதன் இறுதி ஒலியிற் குரல் கலந்து, வண்டின் இரைச்சல் போலத் தொண்டை அதிரும். பின்னையதன் இறுதி பாம்பின் சீறல் போல வெறுங்காற்றாக ஒலிக்கும். தொண்டையின்மேல் விரலை வைத்துச் சொல்லிப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். 'கீஸ்' என்னும் பன்மையின் இறுதியும் வண்டின் ஒலியுடையதே. இவ்வாறே 'கீ' என்னும் சொல்லின் முதலொலியை ஆங்கிலேயர் சிறிது மூச்சுடன் வெளிப்படுத்துவர். உதட்டின் முன் உள்ளங்கையைப் பிடித்தால் அம்மூச்சுக் கையிற் படும்.

இவையனைத்தும் ஒரு விடையில் எவ்வாறு ஒன்றுசேரும் என்பதற்கு உதாரணமொன்று காட்டலாம். "அயலவரிடம் திறப்பைக் கொடுத்துவைத்தல் நல்லதா?" என்று வினவப்படுகின்றதெனக் கொள்ளலாம். "ஆம், நல்லது, ஏனெனில் அயலவர் நல்லவர்" என்பது மெலிந்த விடை. "அயலவர் நம்பத்தக்கவராயின் நல்லதே. நாங்கள் கோயில் திருவிழாவுக்காக ஊருக்குச் செல்லும்போது ஒரு திறப்பை அடுத்த வீட்டு மாமியிடம் கொடுத்துச் செல்வோம். அவர் எங்கள் கோழிகளுக்குத் தீன் போடுவார். ஆனால் புதிதாகக் குடியேறிய இடத்தில் அவ்வாறு செய்யத் துணியமாட்டேன்" என்பது வலிய விடை. இதனை ஆங்கிலத்திற் கூறும்போது நிபந்தனை வாக்கியம், வழக்கத்தைக் குறிக்கும் வாக்கியம், மறுதலை வாக்கியம் ஆகிய யாவும் பொருளின் தேவையாலேயே வந்து சேர்கின்றன. இலக்கண விரிவைக் காட்டுவதற்கெனத் தனியே முயல வேண்டியதில்லை.

பயிற்சிக்குப் பெருஞ் செலவும் தேவையன்று. வீட்டில் உள்ள இருவர் மாலையில் ஐந்து நிமிடம் எதிரெதிரே இருந்து, ஒருவர் வினவ மற்றவர் விடையளித்தல் வேண்டும். வினவுபவருக்கு ஆங்கிலம் நன்கு தெரிந்திருக்க வேண்டும் என்பதுமில்லை. வினாக்களை வாசிக்கத் தெரிந்தாற் போதும். விடையைக் கைத்தொலைபேசியிற் பதிவுசெய்து, பின்னர்த் தாமே கேட்டல் நன்று. ஒருநாள் காலப் பிழைகளை மட்டும் குறித்துக்கொள்க. மறுநாள் 'மை', 'த' முதலிய சொற்களை மட்டும் நோக்குக. எல்லாப் பிழைகளையும் ஒரே நாளில் வேட்டையாடப் புகின் நாவு கட்டுண்டுபோம். ஆசிரியரும் பேச்சின் நடுவே குறுக்கிட்டுத் திருத்தாது, பேசி முடித்தபின் ஒன்றிரண்டை மட்டும் எடுத்துக்காட்டுதல் நலம். வினா விளங்காவிடின் மீண்டும் கேட்குமாறு வேண்டுதல் குற்றமன்று என்பதையும் மாணாக்கருக்கு அறிவித்தல் வேண்டும். ஊகத்தால் விடை சொல்லித் தடுமாறுவதினும் அது மேலானது.

ஆங்கிலம் பேசுவதற்கு ஆங்கிலேயனைப் போல வாழ வேண்டும் என்னும் எண்ணம் நம்மவர் பலரின் வாயை அடைத்துவைத்திருக்கின்றது. அது தவறான எண்ணம். தன் வீட்டு வாசலையும், தன் அயலவரையும், தன் மறதியையும் உள்ளவாறே பிற மொழியில் எடுத்துரைக்க வல்லவனே அம்மொழியைத் தனதாக்கிக் கொண்டவன். அந்த ஆற்றல் கைவந்தவன் பரீட்சை அறையில் மட்டுமன்றி, நாளை அந்நிய நகரமொன்றில் வாடகை வீட்டின் கதவு பூட்டிக்கொண்டு வெளியே நிற்க நேர்ந்தாலும், உதவி கேட்கச் சொல்லின்றித் தவிக்கமாட்டான்.