'போக்கோ எஃப்' அச்சாகும் விதம்

மேலை இசைத்தாளில் சுரங்களோடு சொற்களும் உண்டு. 'போக்கோ எஃப்' என்றால் சற்றே பலமாக வாசி என்று பொருள். 'போக்கோ' சாய்வெழுத்தில் வர வேண்டும். 'எஃப்' மட்டும், எவ்வளவு பலமாக வாசிப்பது என்று காட்டும் பலக்குறிகளுக்கே உரிய தடித்த, வளைந்த எழுத்தில்.

நெதர்லாந்தைச் சேர்ந்த ஹான்-வென் நியென்ஹுய்ஸும் யான் நியூவென்ஹுய்சனும் 1996-இல் தொடங்கிய லில்லிபாண்ட் என்ற இலவச மென்பொருளில் சுரங்களைச் சுட்டியால் இழுத்து வைப்பதில்லை. எல்லாவற்றையும் தட்டச்சு செய்துகொடுத்தால் மென்பொருள் படித்து இசைத்தாளை வரையும். அதன் பலக்குறி எழுத்துருவில் எஃப், எம், பி, எஸ் போன்ற சில எழுத்துகளே உண்டு. 'போக்கோ' என்பதை அதில் எழுதவே முடியாது. ஆகவே ஒவ்வொரு முறையும் எழுத்துருவை மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும்.

சொற்றொடர் மாறாதது என்றால் அதற்கு ஒரு பெயர் சூட்டிவைத்தாலே போதும். அதற்குமேல் அலட்டிக்கொள்வது வீண்வேலை. ஆனால் 'போக்கோ'வுக்குப் பின்னால் ஓரிடத்தில் எஃப், இன்னோரிடத்தில் பி என்று வந்தால்தான் சொந்தக் கட்டளை தேவைப்படுகிறது.

அதை ஸ்கீம் என்ற நிரல்மொழியில், 'டிஃபைன்-மார்க்கப்-கமாண்ட்' கொண்டு எழுத வேண்டும். கட்டளையின் பெயர், அது வாங்கும் உள்ளீட்டின் வகை, செய்ய வேண்டிய வேலை ஆகியவற்றை நாம் தருகிறோம். 'லேஅவுட்', 'ப்ராப்ஸ்' என்ற இரண்டை மென்பொருள் தானே கொண்டுவந்து சேர்க்கும். முன்னது பக்க அமைப்பின் விவரம். பின்னது அந்த இடத்தில் நடப்பிலுள்ள எழுத்தளவு, எழுத்துப்பாணி முதலியவை. புதியவர்கள் பொருட்படுத்தாமல் விடும் இந்த 'ப்ராப்ஸ்'தான் உண்மையில் கெட்டிக்காரச் சரக்கு. பெரிய எழுத்தில் அமைந்த வரிக்குள் நம் கட்டளையைப் போட்டால், அதன் எழுத்தும் தானாகவே பெரிதாகும்.

கட்டளை திருப்பித் தருவது 'ஸ்டென்சில்'. வரைய வேண்டிய உருவத்தோடு அதன் அகல உயரமும் அதில் இருக்கும். பக்கத்துக் குறிகளோடு மோதாமல் சொல்லை நிறுத்த அந்த அளவுகள் வேண்டும். உருவத்தை நாம் கோடுகோடாக வரையத் தேவையில்லை. ஏற்கெனவே உள்ள சாய்வு, பலக்குறிக் கட்டளைகளைக் கோத்து 'இன்டர்ப்ரெட்-மார்க்கப்' என்ற செயற்கூறிடம் ஒப்படைத்தால் போதும்.

பெயரைத் தோற்றத்தை வைத்துச் சூட்டாமல் பொருளை வைத்துச் சூட்டுவது நல்லது. 'சாய்வு' என்று பெயரிட்ட கட்டளையைப் பதிப்பாளர் நேரெழுத்தில் கேட்டால் என்ன செய்வது?

ஒன்றில் மட்டும் ஏமாறக் கூடாது. இப்படி எழுதியது வெறும் எழுத்து வரைவு. அதே கோப்பிலிருந்து கணினியில் வாசித்துக் கேட்க மிடி கோப்பு எடுத்தால் 'போக்கோ எஃப்' வரும் இடத்தில் சத்தம் அதிகரிக்காது. ஒலியளவைத் தனியே சொல்ல வேண்டும்.