மேகத்துக்குள் ஏறும் பறவை: உங்களுக்குத் தெரியுமா?

★ நண்பகலில் திரளும் வெண்மேகத்தின் அடிப்பாகம் ஏன் தட்டையாக இருக்கிறது? வெயிலில் சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று, மேலே போகப்போகக் குளிர்கிறது. அதிலுள்ள நீராவி துளிகளாக மாறத் தொடங்கும் உயரமே அந்தத் தட்டை மட்டம். அதனால், வளர்ந்துகொண்டிருக்கும் மேகத்தின் கீழே காற்று மேல்நோக்கிப் போகிறது என்று நம்பலாம். எஞ்சின் இல்லாத கிளைடர் விமானிகள் இத்தகைய மேகங்களைத் தேடித்தான் போகிறார்கள். மேகம் கலையத் தொடங்கினால் அங்கே ஏற்றம் ஓய்ந்துவிட்டதென்று வேறு மேகம் பார்க்கிறார்கள். பருந்து சிறகடிக்காமல் வட்டமிட்டு உயர்வதும் இதே ஏற்றக் காற்றில்தான்.

★ இந்த வித்தையில் எல்லோரையும் விஞ்சுவது ஃபிரிகேட் என்னும் கடற்பறவை. கடலில் வாழ்ந்தும் இதன் இறகுகள் நீரைத் தாங்குவதில்லை. நனைந்தால் மீண்டும் எழுவதே பெரும்பாடு. ஆகவே கடல்மேல் இளைப்பாற வழியில்லை, பறந்துகொண்டே இருக்க வேண்டும். இந்தியப் பெருங்கடலில் இப்பறவைகளுக்குக் கருவி பொருத்திக் கண்காணித்த பிரெஞ்சு ஆய்வாளர் ஆன்றி வைமர்ஸ்கிர்ஷ் குழு 2016இல் முடிவுகளை வெளியிட்டது. சில பறவைகள் இரண்டு மாதம் வரை தரையிறங்கவே இல்லை! திரள்மேகத்தின் அடியில் ஏற்றக் காற்றைப் பிடித்து, சில வேளைகளில் மேகத்துக்குள்ளேயே நுழைந்து, 4,000 மீட்டர் வரை உயர்ந்திருக்கின்றன. மற்றப் பறவைகள் பெரும்பாலும் மேகத்துக்குள் போவதைத் தவிர்க்கும். உயரம் ஏறியபின் இறக்கையை விரித்தபடி பல கிலோமீட்டர் சறுக்கி அடுத்த மேகத்தைச் சேர்வதுதான் இதன் பயணம். தூக்கமும் வானத்திலேயே. கலாபகஸ் தீவுகளில் நடந்த இன்னொரு ஆய்வின்படி, பறக்கும் நாட்களில் சராசரியாக ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு!

★ ஆஸ்திரேலியாவின் பர்க்டவுன் பகுதியில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், விடியற்காலையில் உருளை வடிவ மேகம் ஒன்று வரும். ‘மார்னிங் குளோரி’ என்று பெயர். சில சமயம் 1,000 கிலோமீட்டர் நீளம்! அதன் முன்பக்கத்தில் எழும் காற்றில் சறுக்கிப் பறக்கவே கிளைடர் விமானிகள் அங்கே கூடுகிறார்கள்.

★ இடிமேகம் மட்டும் யாருக்கும் நண்பனல்ல. 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனில்லாவில் பாராகிளைடிங் பயிற்சியில் இருந்த ஜெர்மன் வீராங்கனை எவா விஷ்னியர்ஸ்காவை அது உள்ளே இழுத்து, எவரெஸ்ட் சிகரத்தையும் தாண்டி, 9,900 மீட்டருக்கு மேல் தூக்கிச் சென்றது. மயங்கிய நிலையில், உறைபனி படிந்த உடலோடு அவர் பிழைத்து வந்தது பேரதிசயம். அதே புயலில் சிக்கிய சீன வீரர் ஒருவர் உயிரிழந்தார்.

★ விமானத்தின் பின்னால் நீளும் வெண்கோடு புகையல்ல, மேகம்தான்! எஞ்சினிலிருந்து வரும் நீராவி, கடுங்குளிரில் பனித்துகளாக உறைகிறது. கோடு உடனே மறைந்தால் மேலே காற்று வறண்டிருக்கிறது. நீண்ட நேரம் நின்று அகலமாகப் பரவினால் ஈரம் மிகுந்திருக்கிறது.

★ விமானம் மேகத்தில் துளையும் போடும். பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்ந்தும் உறையாத நீர்த்துளிகள் நிறைந்த மேகத்தை ஒரு விமானம் கடக்கும்போது, இறக்கையைச் சுற்றிக் காற்று திடீரென விரிந்து மேலும் குளிர்கிறது. சில துளிகள் பனியாகின்றன. அந்தப் பனித்துகள்கள் அக்கம்பக்கத்துத் துளிகளின் ஈரத்தை உறிஞ்சிக் கனத்துக் கீழே விழ, மேகத்தின் நடுவே வட்டமாக ஓர் ஓட்டை விரிகிறது.

★ 1973இல் மேற்கு ஆப்பிரிக்காவின் அபிஜான் நகருக்கு மேலே ஒரு விமானத்தில் ரப்பெல் கழுகு மோதியது. உயரம் சுமார் 11,300 மீட்டர்!